சிலந்தி வேலை

ஆறு சோடி காலுறைகள் ஒரே பொதியாகச் சில டொலருக்குக் கிடைக்கும் காலத்தில், ஒரு சோடியைக் கையால் பின்னுவது பைத்தியக்காரத்தனம் என்று சொல்லாத நண்பர் எனக்கு இல்லை. கணக்கும் அவர்கள் பக்கமே இருக்கிறது. சுற்றுக்கு 64 கண்ணிகள்; அங்குலத்துக்குப் பதினொன்றரைச் சுற்றுகள்; காலும் பாதமுமாகப் பதினேழு அங்குலம். அதனை இரண்டால் பெருக்கினால் ஒரு சோடிக்கு ஏறத்தாழ 25,000 கண்ணிகள் வருகின்றன. நிமிடத்துக்கு 25 கண்ணிகள் பின்னும் சாதாரண கைக்கு இது 17 மணித்தியால வேலை. இந்தக் கணக்கை ஒருமுறை நானே பெருமையோடு சொல்லப்போக, அதையே எடுத்து என்மீது எறிகிறார்கள்.

இவர்களுக்குப் பதில் சொல்வது கடினமல்ல. எனக்கு உண்மையில் எரிச்சலூட்டுவது எதிர்த் தரப்பு, அதாவது பின்னல்காரர்களின் தரப்பு. பின்னுவதே தியானமாம், ஊசியின் அசைவில் மனம் அடங்குமாம், காலுறை ஆறு மாதத்தில் ஓட்டையாகிப் போனாலும் பாதகமில்லையாம். தியானம் செய்ய விரும்புவோர் தாராளமாகச் செய்யட்டும். காலுறை காலுக்கானது. ஒரு தரப்பு மலிவின் பெயராலும் மறு தரப்பு மன அமைதியின் பெயராலும் ஒரே விடயத்தை ஒப்புக்கொண்டுவிட்டன: காலுறை என்றால் விரைவில் கிழிந்துபோக வேண்டியது. நான் மறுப்பது இந்த உடன்பாட்டைத்தான். நன்றாக உழைக்கும் காலுறை உறுத்தும், சுகமான காலுறை உழைக்காது என்ற எண்ணம் விற்பவர்கள் பரப்பியது. அதனை நாமும் நம்பிவிட்டோம்.

பத்திரிகைக்காரர்களாகிய நாம் 'லுடைட்' என்ற சொல்லை வசையாகவே பயன்படுத்தி வந்திருக்கிறோம். பாமினி எழுத்துருவை விட்டு யூனிகோட்டுக்கு வர மறுத்த மூத்த சகபாடி ஒருவரை எங்கள் ஆசிரிய பீடத்தில் அப்படித்தான் அழைத்தோம். இயந்திரத்துக்கு அஞ்சியவன், முன்னேற்றத்தின் பகைவன் என்பது நாம் கொண்ட பொருள். ஆனால் 1811இல் இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் பகுதியில் பொறிகளை உடைக்கத் தொடங்கியவர்கள் யார்? காலுறை பின்னும் தொழிலாளர்கள். அவர்கள் உடைத்த பொறி அவர்களுடைய சொந்தத் தொழிற் கருவி. அதே மாவட்டத்தின் கல்வேர்ட்டன் கிராமத்தைச் சேர்ந்த வில்லியம் லீ 1589இல் உருவாக்கிய பின்னற்பொறியின் வழிவந்தது அது. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தலைமுறை தலைமுறையாக அதன் முன் அமர்ந்து உழைத்தவர்களுக்குப் பொறியைக் கண்டு என்ன அச்சம்?

கூலிக் குறைப்பு அவர்களுடைய கோபத்துக்கு ஒரு காரணம். தொழில் பழகாதவர்களை வேலைக்கு வைத்தது இன்னொன்று. மூன்றாவது காரணத்தைத்தான் நாம் மறந்துவிட்டோம். முறையாகப் பின்னிய காலுறையில் கெண்டைக்காலின் பருமனுக்கும் கணுக்காலின் ஒடுக்கத்துக்கும் ஏற்பக் கண்ணிகளைக் கூட்டியும் குறைத்தும் வடிவம் அமைப்பார்கள். ஓரக் கண்ணிகள் மூடியிருக்கும். இலாப வெறி பிடித்த வணிகர்களோ அகன்ற பொறியில் துணியாகப் பின்னி, கத்தரியால் காலுறை வடிவில் வெட்டி, ஓரங்களைத் தைத்து விற்கத் தொடங்கினார்கள். பின்னல் துணியை வெட்டினால் வெட்டிய இடமெல்லாம் கண்ணிகள் வாய் திறந்து நிற்கும். தையல் சற்று இளகினால் போதும், கண்ணி கண்ணியாகக் கழன்று ஓடும். வாங்கியவர் ஏமாந்தார், நேர்மையாகப் பின்னியவரின் பெயரும் சேர்ந்து கெட்டது. உடைப்பவர்கள் இந்தப் போலிச் சரக்கு பின்னிய பொறிகளைத் தேடித் தேடி உடைத்தது தற்செயலல்ல.

1812 பெப்ரவரி 27ஆம் திகதி பிரபுக்கள் சபையில் கவிஞர் பைரன் தமது கன்னி உரையை இவர்களுக்காகவே ஆற்றினார். புதிய முறையில் விளையும் சரக்கு தரம் தாழ்ந்தது, உள்ளூரில் விலைபோகாதது, ஏற்றுமதிக்காக அவசரத்தில் செய்து தள்ளப்படுவது என்று அவர் எடுத்துரைத்தார். அந்தத் தொழிலில் உள்ளவர்கள் இதற்கு இட்டிருந்த பட்டப் பெயரையும் சபையில் சொன்னார்: சிலந்தி வேலை. சபை அசையவில்லை. பொறி உடைப்போருக்கு மரண தண்டனை விதிக்கும் சட்டம் அந்த ஆண்டே நிறைவேறியது. காலுறைப் பொறியை உடைத்தவனுக்குத் தூக்கு. இரண்டு வாரத்தில் கிழியும் காலுறையை விற்றவனுக்கு ஒன்றுமில்லை.

இன்றைய சிலந்தி வேலைக்கு வருவோம். பொதிக் காலுறையை விட்டுவிடுங்கள், அதனைப் பற்றி யாரும் பொய் சொல்வதில்லை. கைப்பின்னல் நூல் விற்கும் கடைகளில் நடப்பதைத்தான் சொல்கிறேன். அழகாகச் சாயமூட்டிய மெரினோ நூல், ஒற்றைப் புரி, முறுக்கே இல்லாதது போன்ற மென்மை. கன்னத்தில் வைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். 'காலுறை நூல்' என்று லேபலும் ஒட்டியிருக்கிறார்கள். கன்னத்தால் நடப்பவர்களுக்கு அது மிகப் பொருத்தமாக இருக்கலாம்.

காலுறை தேய்வது எப்படி என்று யோசித்தாலே இந்த மோசடி விளங்கும். சப்பாத்துக்குள் குதிக்கால் ஒவ்வோர் அடியிலும் சற்றே எழுந்து விழுகிறது. ஒவ்வொரு முறையும் நூலின் மேற்பரப்பிலுள்ள நார்களைச் சப்பாத்தின் உட்புறம் பிடித்து இழுக்கிறது. முறுக்குத் தளர்ந்த நூலில் நாரைப் பிடித்து வைத்திருக்க எதுவுமில்லை. அது வெளியே வருகிறது, உருண்டு குருணையாகிறது, உதிர்கிறது. நூல் மெலிகிறது. ஒருநாள் ஒரு கண்ணி அறுகிறது, பக்கத்துக் கண்ணிகள் பின்தொடர்கின்றன. இதைத் தடுப்பவை மூன்று: நீண்ட நார், இறுகிய முறுக்கு, மூன்று நான்கு புரிகளைச் சேர்த்து முறுக்கிய உருண்டையான நூல். மெரினோ ஆட்டின் மயிர் மெல்லியது. அதன் சுகம் மறுக்க முடியாதது. இறுக்கி முறுக்கிப் பல புரியாக்கினால் அதுவும் காலுறைக்கு உதவும். சற்றே தடித்த நாருடைய கொரிடேல், ரொம்னி போன்ற ஆடுகளின் கம்பளி இன்னும் நன்றாக உழைக்கும். கடையில் நூலைக் கன்னத்தில் வைக்க வேண்டாம். அதன் நுனியை விரல்களுக்கிடையே பிடித்து முறுக்கை அவிழ்த்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். பஞ்சுபோல் பிரிந்து வந்தால் அது கழுத்துச் சால்வைக்கான நூல், லேபல் என்ன சொன்னாலும் சரி.

நூல் நல்லதாயிருந்தும் காலுறை கெடுவதுண்டு. அதற்குக் காரணம் பின்னுபவரின் சோம்பல். பெரிய ஊசியில் பின்னினால் வேலை விரைவாக முடியும், துணி தளதளவென்று விழும், பார்க்க அழகு. ஆனால் தளர்ந்த கண்ணிகள் ஒன்றோடொன்று உராய்ந்தே தேய்ந்துவிடும். சப்பாத்துக்கு வேலையே மிஞ்சாது. மெல்லிய காலுறை நூலுக்கு 2.25 மில்லிமீற்றர் ஊசி, 10 சென்ரிமீற்றருக்கு 32 கண்ணிகள் என்பது என் அளவு. கை வலிக்கும், உண்மைதான். பின்னிய துண்டை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். இழுக்காமலே வெளிச்சம் ஊடே தெரிந்தால் அவிழ்த்துவிட்டுச் சிறிய ஊசியை எடுங்கள்.

இங்கேதான் சுகமும் உழைப்பும் ஒன்றாகின்றன. நெருக்கமாகப் பின்னிய துணி உள்ளங்காலுக்குக் கீழே மெத்தையாக நிற்கும். தளர்ந்த துணியின் ஒவ்வொரு கண்ணியும் தனித்தனி மேடாகத் தோலில் பதியும். கனடாவில் இருக்கும் என் சகோதரி, முதலில் மெல்லியதாகத் தோன்றிய காலுறை மாலையில் உள்ளங்காலில் வலைபோல் தடம் பதித்திருந்ததாகச் சொன்னது நினைவிருக்கிறது. அளவும் அப்படியே. பாதத்தின் சுற்றளவு ஒன்பது அங்குலமானால் காலுறை எட்டு அங்குலமாக இருக்க வேண்டும். சற்றே இழுபட்டுப் பாதத்தோடு ஒட்டி நின்றால் உராய்வு சப்பாத்துக்கும் காலுறைக்கும் இடையே மட்டும் நடக்கும். தொளதொளத்தால் தோலுக்கும் காலுறைக்கும் இடையிலும் நடக்கும். தோலில் கொப்புளம், காலுறையில் ஓட்டை. இரண்டும் ஒரே காரணத்தின் பிள்ளைகள்.

முதலாம் உலகப் போர் இதனைக் கொடூரமாகக் கற்பித்தது. 1914இல் பிரித்தானிய அரசி மேரி, படையினருக்காக 300,000 சோடி காலுறைகள் வேண்டுமென்று நாட்டுப் பெண்களிடம் கேட்டார். பதுங்கு குழிகளின் ஈரமும் குளிரும் கால்களை அழுகச் செய்தன. உலர்ந்த காலுறைக்கு மாறுவது படை ஒழுங்கின் ஒரு பகுதியாயிற்று. அத்தகைய காலுக்கு விரல் நுனியில் ஒரு தையல் மேடு இருந்தாலே போதும், நடக்க முடியாது. அந்த மேடு இல்லாமல், இரண்டு ஊசிகளில் நிற்கும் கண்ணிகளைத் தையலூசியால் இன்னொரு வரிசை பின்னியது போலவே இணைக்கும் முறைக்கு இன்றும் கிச்சினர் பெயர்தான். போர் அமைச்சர் தாமே அதனைக் கண்டுபிடித்தார் என்ற கதையை நம்ப வேண்டியதில்லை; தளபதிகள் பெயர் வாங்குவதில் வல்லவர்கள். முறை மட்டும் அருமையானது. விரல் நுனியை அப்படி மூடத் தெரியாமல் இழுத்துத் தைப்பவர் சுகத்தைப் பற்றிப் பேசக்கூடாது.

நைலோன் விடயத்தில் தூய்மைவாதிகளோடு எனக்கு உடன்பாடில்லை. 1938இல் டூபொன்ற் நிறுவனம் நைலோனை அறிவித்தது. 1940இல் நைலோன் காலுறைகள் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தன. அன்று முதல் கம்பளிக்கு அது பகையென்று சிலர் நினைக்கிறார்கள். கம்பளி தன் எடையில் மூன்றிலொரு பங்கு வரை ஈரத்தை உறிஞ்சியும் ஈரமாகத் தோன்றாது. நைலோனுக்கு அந்தக் குணம் கிடையாது. ஆனால் உராய்வைத் தாங்குவதில் கம்பளி அதற்கு அருகில்கூட வராது. ஜேர்மனியில் காலுறை நூலென்று வழக்கமாக விற்கப்படுவது 75 வீதம் கம்பளியும் 25 வீதம் நைலோனும் கலந்தது. அந்தக் கால் பங்கு சுகத்தைக் குறைக்காது, ஆயுளைக் கூட்டும். நைலோனே வேண்டாமென்பவர்களுக்கு அங்கோரா ஆட்டின் மோகேர் இருக்கிறது; நீண்ட, வழுவழுப்பான, வலிய நார். விலை கூடும். தூய கம்பளி என்ற வெறும் கௌரவத்துக்காகக் குதியில் ஓட்டையோடு நடப்பது எந்த வகை அறம் என்று எனக்கு விளங்கவில்லை.

குதிக்கு வலுவூட்டும் பழைய முறை எளிமையானது. குதியின் பின்புறத்தைப் பின்னும்போது, நேர் வரிசையில் ஒரு கண்ணி விட்டு ஒரு கண்ணியைப் பின்னாமல் அடுத்த ஊசிக்கு நகர்த்த வேண்டும்; திரும்பும் வரிசையில் எல்லாவற்றையும் பின்ன வேண்டும். நகர்த்திய கண்ணிக்குப் பின்னால் நூல் குறுக்கே ஓடுவதால் துணி இரட்டை கனமாகிறது. ஒவ்வொரு நேர் வரிசையிலும் கண்ணியை மாற்றி மாற்றி நகர்த்தினால் வரும் புள்ளி வடிவத்தை ஆங்கிலேயர் கௌதாரிக் கண் என்பர். இன்னும் வலு வேண்டுமானால் மெல்லிய நைலோன் இழையொன்றைக் குதியிலும் விரல் நுனியிலும் கம்பளியோடு சேர்த்து ஓட்டிப் பின்னலாம். இதற்கென்றே சிறு நூற்சுருள்கள் விற்கிறார்கள்.

ஆனால் பின்னல் புத்தகங்களை அப்படியே நம்பி ஏமாந்தவர்கள் பலர். புத்தகம் வலுவூட்டச் சொல்வது குதியின் பின்புறத்தை. பலருக்குத் தேய்வதோ குதியின் அடிப்புறம், அல்லது பெருவிரலுக்குக் கீழுள்ள பந்து. நோர்வேயிலுள்ள என் தம்பிக்குப் பின்புறம் எப்போதும் புதிதாகவே இருக்கும், அடிப்புறம் மட்டும் போய்விடும். ஆகவே ஊசியை எடுக்கும் முன் உங்கள் பழைய காலுறையையும் சப்பாத்தின் உள்தளத்தையும் எடுத்துப் பாருங்கள். உங்கள் நடையின் வரைபடம் அங்கே இருக்கிறது. எங்கே கறுத்து மெலிந்திருக்கிறதோ அங்கே கூடுதல் இழையை ஓட்டுங்கள். அமெரிக்காவில் வாழ்ந்த பின்னல் ஆசான் எலிசபெத் சிமர்மன் (1910–1999) இன்னும் ஒரு படி மேலே போய், தேய்ந்த உள்ளங்காலை மட்டும் அவிழ்த்துப் புதிதாகப் பின்னிக்கொள்ளக்கூடிய காலுறையொன்றை வடிவமைத்தார். கிழியாத காலுறை உலகில் இல்லை என்பதை ஏற்றுக்கொண்டு, கிழியும் இடத்தைக் கழற்றக்கூடியதாகச் செய்த அறிவு அது.

இனி நண்பர்களின் விலைக் கணக்கு. கைக்காலுறை மலிவானதென்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். பதினேழு மணித்தியாலத்துக்கு ரொறன்ரோவில் சட்டப்படியான கூலி போட்டால் அந்தச் சோடியை யாரும் வாங்க முடியாது. நான் கேட்பது வேறு கேள்வி. மலிவான துணியின் விலையிலிருந்து கழிக்கப்பட்டது எது? நூலின் முறுக்கிலிருந்து கொஞ்சம், கண்ணிகளின் நெருக்கத்திலிருந்து கொஞ்சம், மிகுதி உழைப்பவரின் கூலியிலிருந்து. இலங்கைத் தமிழருக்கு இது தூரத்துச் செய்தியல்ல. 2009க்குப் பின் வன்னியிலும் ஆடைத் தொழிற்சாலைகள் எழுந்தன. மணிக்கு இத்தனை என்ற இலக்கோடு அங்கே உழைப்பவர்களில் நம் வீட்டுப் பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் வெளிநாட்டுக்குத் தைத்து அனுப்பும் ஆடையை அங்கே வாங்கி, சில மாதத்தில் குப்பையில் போடுபவர்களிலும் நம்மவர் இருக்கிறார்கள். பைரன் சொன்ன அந்த 'ஏற்றுமதிக்கான அவசரம்' இருநூறு ஆண்டுகளில் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே.

பொறியின்மீது பழி போடவும் இடமில்லை. அமெரிக்காவின் வெர்மொன்ற் மாநிலத்தில் டார்ன் டஃப் என்ற நிறுவனம் பொறியிலேயே கம்பளிக் காலுறை பின்னி, ஓட்டையானால் புதிது தருவதாக ஆயுட்கால உத்தரவாதமும் கொடுக்கிறது. நெருக்கமாகப் பின்னுகிறார்கள், நைலோன் சேர்க்கிறார்கள், விரல் நுனியில் மேடில்லாமல் இணைக்கிறார்கள். வேறு மந்திரமில்லை. மனம் வைத்தால் பொறியும் நல்ல காலுறை பின்னும். மனமில்லாவிட்டால் கையும் சிலந்தி வேலைதான் செய்யும்.

இதெல்லாம் காலுறைக்கு இத்தனை ஆரவாரமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1983க்குப் பின் பனி நாடுகளுக்குப் போன நம் தலைமுறையின் பெரும்பகுதி, உணவகச் சமையலறைகளிலும் தொழிற்சாலைகளிலும் நின்ற நிலையிலேயே உழைத்தது. அந்தக் கால்கள் இன்று முதுமையடைகின்றன. நீரிழிவு நம்மவர்களிடையே எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. அது நரம்பைத் தாக்கினால் காலில் உணர்வு குறையும். காலுறையின் ஒரு முடிச்சு தோலை அறுப்பது தெரியாது. தெரியவரும்போது அது புண். மேடில்லாத விரல் நுனி, இறுக்கிப் பிடிக்காத மேல்விளிம்பு, சுருக்கம் விழாத பொருத்தம் என்பவை அத்தகைய காலுக்கு மருத்துவர்களே சொல்லும் தேவைகள். அளவெடுத்துப் பின்னும் கை இவை மூன்றையும் தர முடியும்.

ஆகவேதான் பொத்துவதிலும் எனக்குக் கண்டிப்பு உண்டு. துணிப் பங்கீடு நடந்த காலத்தில், 1943இல், பிரித்தானிய அரசு 'உள்ளதைக் கொண்டு சமாளி, கிழிந்ததைச் செப்பனிடு' என்ற பொருளில் ஒரு கைநூலையே வெளியிட்டு மக்களைப் பொத்த வைத்தது. அதன் நோக்கம் நல்லது. ஆனால் ஓட்டை விழுந்த பின் குறுக்கும் நெடுக்குமாக இழையோட்டி அடைத்தால் அவசரக்காரரின் கையில் அது ஒரு கட்டியாகிவிடும். உணர்வுள்ள காலுக்கு அது உறுத்தல், உணர்வற்ற காலுக்கு ஆபத்து. ஓட்டை விழும் வரை காத்திருப்பதே தவறு. மாதத்துக்கு ஒருமுறை காலுறைக்குள் கையை விட்டு வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். மெலிந்த இடத்தில், பின்னலின் ஒவ்வொரு கண்ணியையும் அதன் வழியிலேயே பின்தொடர்ந்து, தையலூசியால் புது நூலை மேலே ஓட்டுங்கள். முடிச்சுப் போடாமல் நுனிகளை உட்புறத்தில் நாலைந்து கண்ணிகளுக்குள் மறைத்துவிடுங்கள். தொட்டுப் பார்த்தால் தெரியாது. அரை மணித்தியால வேலை. சூட்டு உலர்த்தியில் போடாமலும், ஒரே சோடியைத் தொடர்ந்து இரு நாள் அணியாமலும் இருந்தால் இந்த வேலையும் அடிக்கடி வராது.

இதற்கு அதே நூல் கையிருப்பில் இருக்க வேண்டும். நூறு கிராம் சுற்றில் ஒரு சோடி முடிந்ததும் பொதுவாகப் பதினைந்து இருபது கிராம் மிஞ்சும். அதனை மற்ற மிச்சங்களோடு கலந்து பெட்டிக்குள் எறிந்துவிடாதீர்கள். சாய இலக்கம் அச்சிட்ட லேபலோடு ஒரு கடித உறைக்குள் போட்டு, யாருடைய காலுக்குப் பின்னியது, எந்த ஆண்டு, எந்த ஊசி என்று மேலே எழுதி வையுங்கள். அன்பளிப்பாக அனுப்புவதானால் அந்த உறையையும் காலுறையோடு சேர்த்தே அனுப்பிவிடுங்கள்.